பிராம்ஸின் நான்கு சிம்பொனிகள்: ஒரு ரசிகனின் தெரிவு

2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ரோயல் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ரா இசைத்தது. அன்றிலிருந்து 'சிம்பொனி' என்ற சொல் தமிழர் மத்தியில் பெருவழக்காகிவிட்டது. பத்திரிகைகள் எழுதின, மேடைகளில் பேசினார்கள். ஆனால் சிம்பொனியை எப்படிக் கேட்பது, அதில் எதைக் கேட்பது என்பன பெரும்பாலும் பேசப்படாமலே போயின.

மாத்தளையில் நாங்கள் சிலர் மாதமொருமுறை கூடிக் கதைப்பதுண்டு. கவிதை, சிறுகதை, புதிதாக வந்த சஞ்சிகை என்று பேச்சு போகும். அந்த மாதம் பேச்சு சிம்பொனி பக்கம் திரும்பியது. நான் மேலைத்தேய இசை கேட்பவன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். "பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். அதற்குக் காரணமும் சொல்லுங்கள்" என்றார்கள். அன்று நான் சொன்னதைச் சற்று விரித்து எழுதுவதே இக்கட்டுரை.

நான் இசை கற்றவனல்லன். மேலைத்தேய இசைக் குறிப்பை வாசிக்கத் தெரியாது. வானொலியின் ஆங்கில சேவையில் கேட்டு, பின்னர் ஒலிநாடாக்களிலும் இறுவட்டுகளிலும் கேட்டு, இப்போது கைத்தொலைபேசியில் கேட்கிறேன். கொழும்பில் 1958இல் தோன்றிய சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா இன்றும் இயங்குகிறது. ஆனால் அங்கே ஓர் இரவு நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு மாத்தளை திரும்புவது இலகுவான காரியமல்ல. ஆகவே என்னுடையது ஒலிப்பதிவுகளை மட்டும் நம்பிய ஒரு மலைநாட்டு ரசிகனின் கேள்வி ஞானம்.

இசை கேட்பது ஆகுமா ஆகாதா என்ற கேள்வியும் எமது வட்டத்தில் உடனே எழும். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அறிஞர்களிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை மட்டும் நினைவூட்டலாம். இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் செவியேற்றலின் ஒழுங்குகள் பற்றித் தனி நூலே ஒதுக்கியிருக்கிறார். அல்பாராபி இசைக் கோட்பாடு பற்றிப் பெருநூல் யாத்தவர். இசையைப் பற்றிச் சிந்திப்பது எமது அறிவு மரபுக்குப் புறம்பானதல்ல. இதற்கு மேல் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

ஜொஹான்னஸ் பிராம்ஸ் 1833இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் பிறந்து 1897இல் வியன்னாவில் மறைந்தவர். அவர் வெளியிட்ட சிம்பொனிகள் நான்கே நான்கு. முதலாவது 1876இலும், இரண்டாவது 1877இலும், மூன்றாவது 1883இலும், நான்காவது 1885இலும் அரங்கேறின. காலத்தை மனதில் இருத்திக்கொள்ள ஒரு குறிப்பு: கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1880இல். இரண்டாவது சிம்பொனிக்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்ட காலம் அது.

நான்கில் ஒன்றைத் தெரிவு செய்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். எமது நூல் வெளியீட்டு விழாக்களை நினைத்துப் பாருங்கள். தொகுதியில் உள்ள பதினைந்து கதைகளும் சிறந்தவை என்பார் ஒருவர். அடுத்தவர் அதையே வேறு சொற்களில் சொல்வார். ஆசிரியருக்கு மகிழ்ச்சி, வாசகனுக்குப் பயன் எதுவுமில்லை. 'இந்தப் பதினைந்தில் எனக்கு ஏழாவது கதைதான்' என்று ஒருவர் சொன்னால் உடனே 'ஏன்?' என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லப் புகும்போதுதான் அவர் எந்த அளவுகோலை வைத்திருக்கிறார் என்பது வெளிப்படும். விமர்சனம் தொடங்குவது அங்கேதான்.

முதலாவதிலிருந்து வருகிறேன். பீத்தோவன் ஒன்பது சிம்பொனிகளை எழுதிவைத்துவிட்டு 1827இல் மறைந்தார். அவருக்குப் பின் சிம்பொனி எழுத வந்த எவரும் அந்த ஒன்பதையும் கடந்தாக வேண்டியிருந்தது. பிராம்ஸ் தமது முதலாவதை முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். கார்ல்ஸ்ரூ நகரில் அது அரங்கேறியபோது அவருக்கு வயது 43. டிம்பனி முரசு விடாமல் ஒரே சுரத்தில் அதிர, அதன்மேல் வயலின்கள் திணறித் திணறி ஏறும் அந்தத் தொடக்கத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். முடிவுப் பகுதியில் இருள் விலகி, ஹோர்ன் வாத்தியத்தில் மலைக்காற்றுப் போல ஓர் அழைப்பு வருகிறது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் பிராம்ஸ் கேட்ட இடையர் குழலின் மெட்டு அது. 1868இல் கிளாரா ஷுமானுக்குப் பிறந்தநாள் வாழ்த்தாக அதை எழுதி அனுப்பியிருந்தார். அதன்பின் ஒரு பெரும் பாடல், பின்னர் வெற்றி.

இதன் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. எங்கள் வட்டத்தில் ஓர் ஆசிரியருக்கு இதுவே முதலிடம். துன்பத்தில் தொடங்கி வெற்றியில் முடிவதுதான் மனிதனுக்கு நம்பிக்கை தரும் என்பது அவர் வாதம். எனக்கோ அந்த வெற்றி முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதுபோல் தோன்றுகிறது. பீத்தோவனின் ஐந்தாவதும் ஒன்பதாவதும் போட்டுவைத்த பாதை அது. 'பீத்தோவனின் பத்தாவது' என்று ஹான்ஸ் வொன் பியூலோ இதற்குப் பெயரிட்டதைப் பாராட்டாகவும் கொள்ளலாம். இரவல் நிழல் இன்னும் விலகவில்லை என்ற குறிப்பாகவும் கொள்ளலாம்.

இரண்டாவது, அடுத்த ஆண்டே ஒஸ்திரியாவின் பேர்ட்ஷாக் என்ற ஏரிக்கரை ஊரில் ஒரு கோடையில் எழுதப்பட்டது. இருபது ஆண்டுச் சுமை இறங்கிய மனிதனின் இசை. வெயிலும் நீரும் கலந்த அதன் முதற்பகுதியில்கூட இடையிடையே திரொம்போன்களின் இருண்ட குரல் குறுக்கிடும். எனினும் இறுதியில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒளியைக் கொட்டி முடிக்கின்றன. மேலைத்தேய இசைக்குப் புதிதாக வருபவருக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். ஆனால் முதற்கதவு வேறு, தங்கும் அறை வேறு.

நான்காவதை அறிந்தவர்கள் பெரும்பாலும் அதையே உச்சமாகக் கொள்வர். அவர்களோடு வாதிடுவது கடினம். அதன் இறுதிப் பகுதிக்கு பாஹின் 150ஆம் கன்டாட்டாவில் வரும் ஓர் அடிக்குரல் வரிசையைப் பிராம்ஸ் சற்று மாற்றி எடுத்துக்கொள்கிறார். எட்டே தாளக்கட்டு நீளமுள்ளது. அதை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் முப்பது விதமாகக் கட்டுகிறார். முதல் மூன்று பகுதிகளிலும் வாய் திறவாமல் இருந்த திரொம்போன்கள் இங்கேதான் முதன்முதலாக ஒலிக்கின்றன. எமது வாசகர்களுக்கு இது அந்நியமான முறையல்ல. முனாஜாத்துகளில் ஒரே ஈற்றடி மீண்டும் மீண்டும் வர, மன்றாட்டு மட்டும் செய்யுளுக்குச் செய்யுள் மாறிக்கொண்டு போவதை நாம் அறிவோம். கஸலில் ரதீஃப் செய்யும் வேலையும் இதுவே. மாறாத ஒன்றின் கீழ் மாறுவதையெல்லாம் சொல்வது.

ஆனால் நான்காவதின் முடிவு இரக்கமற்றது. அந்த எட்டுத் தாளக்கட்டு விதிபோல் வந்துகொண்டே இருக்கிறது. இறுதியில் மைனரிலேயே, துக்கத்திலேயே, இடியோடு முடித்துவிடுகிறது. அதன்முன் நான் தலை வணங்குகிறேன். ஆயினும் வாரத்தில் ஒருநாள் எதையாவது கேட்க வேண்டும் என்று தோன்றும்போது கை அதன் பக்கம் போவதில்லை.

கை போவது மூன்றாவதன் பக்கம். நான்கிலும் சிறியது இது. ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடம். 1883ஆம் ஆண்டுக் கோடையில் ரைன் நதிக்கரையை அண்டிய வீஸ்பாடன் நகரில் இதை எழுதினார். அப்போது அவருக்கு வயது 50. அவரை இளைஞனாக உலகுக்கு அறிமுகப்படுத்திய ரொபர்ட் ஷுமான் அந்த நதியின் பெயரால் ஒரு சிம்பொனி எழுதியவர், 1856இல் மறைந்துவிட்டவர். மூன்றாவதின் முதல் மெட்டில் ஷுமானின் அந்த ரைன் சிம்பொனியின் சாயல் இருப்பதைப் பலரும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் காற்று வாத்தியங்கள் மூன்று பெரும் ஒலிகளை எழுப்புகின்றன. அவற்றின் உச்சியில் நிற்கும் சுரங்கள் எஃப், ஏ-ஃபிளாட், மீண்டும் மேலே எஃப். சிம்பொனியோ எஃப் மேஜர் என்று பெயர் பெற்றது. மேஜருக்கு உரியது 'ஏ'. மைனருக்கு உரியது 'ஏ-ஃபிளாட்'. ஹார்மோனியத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். எமது கணக்கில் சொன்னால் பெரிய காந்தாரமும் சின்னக் காந்தாரமும். மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் இடையில் ஒரு கட்டைதான் தூரம். மேஜர் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்த இசை, இரண்டாவது ஒலியிலேயே மைனரின் சுரத்தை நீட்டுகிறது. அடுத்துப் பாய்ந்து இறங்கும் வயலின்களின் மெட்டிலும் இந்த இரண்டும் மோதிக்கொள்கின்றன. சிம்பொனி முழுவதும் தீர்க்கப்பட வேண்டிய வழக்கு முதல் சில நொடிகளிலேயே வைக்கப்பட்டுவிடுகிறது. 'சுதந்திரம், ஆயினும் மகிழ்ச்சி' என்று பொருள்படும் ஜேர்மன் வாசகத்தின் முதலெழுத்துகளே இம்மூன்று சுரங்கள் என்று அவரது சரித்திர ஆசிரியர் சொன்னார். பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஐயுற்றார்கள். அந்தக் கதை இல்லாமலே இசை தன் வழக்கைத் தானே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் பகுதி கிளாரினெட்டின் அமைதியான பேச்சு. மூன்றாம் பகுதி பலருக்குத் தெரியாமலே தெரிந்த ஒன்று. செலோக்கள் பாடும் அந்த ஏக்க மெட்டு 1961இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் வழியே உலகெங்கும் பரவியது. பிரான்சுவாஸ் சகானின் 1959ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய படம் அது. 'உங்களுக்குப் பிராம்ஸ் பிடிக்குமா?' என்பதே அந்த நாவலின் தலைப்பு. 1999இல் கிற்றார் கலைஞர் சந்தானாவும் அதே மெட்டை ஒரு பாடலில் எடுத்தாண்டார். இந்த மெட்டுக்காகவே பலர் மூன்றாவதை விரும்புகிறார்கள். எனது காரணம் அதுவல்ல.

எனது காரணம் நான்காம் பகுதி. அடங்கிய குரலில், மைனரில், ஓர் இரகசியம்போல் அது தொடங்குகிறது. சற்று நேரத்தில் வெடிக்கிறது. நான்கு சிம்பொனிகளிலும் இத்தனை கோபமான பக்கங்கள் குறைவு. இரண்டாம் பகுதியில் மெதுவாக வந்துபோன ஒரு மெட்டு இங்கே அச்சுறுத்தும் குரலில் திரும்பி வருகிறது. முதற்பகுதியில் வைக்கப்பட்ட வழக்கு இங்கே சண்டையாகிவிட்டது. கேட்பவன் இனி வெற்றி முழக்கம் வரும் அல்லது வீழ்ச்சி வரும் என்று காத்திருக்கிறான். இரண்டும் வரவில்லை. வேகம் தளர்கிறது. மைனர் மெல்ல மேஜராகிறது. முதற்பகுதியில் பாய்ந்து இறங்கிய அதே மெட்டு, இப்போது நடுங்கும் வயலின்களில், இலைமேல் தங்கிய மழைநீர் சொட்டுவதுபோல் இறங்கி வருகிறது. மெல்லிய ஒலியோடு முடிந்துவிடுகிறது. இந்தச் சிம்பொனியின் நான்கு பகுதிகளும் அவ்வாறே மெல்ல அடங்கி முடிகின்றன.

இதனை அரங்கேற்றிய ஹான்ஸ் ரிக்டர் 'பிராம்ஸின் எரோய்க்கா' என்று இதற்குப் பெயர் சூட்டினார். அதாவது பீத்தோவனின் மூன்றாவதுபோல் வீரச் சிம்பொனி. அப்பெயர் எனக்கு உடன்பாடானதல்ல. பீத்தோவனின் எரோய்க்கா முழக்கத்தோடு முடிகிறது. இங்கே வீரம் இருக்கிறதென்றால் அது கத்தாமல் முடிக்கத் துணிந்ததில் இருக்கிறது. மண்டபத்தில் அந்தத் துணிவுக்கு விலையும் உண்டு. ஓசையின்றி முடியும் படைப்புக்கு உடனே கைதட்டல் எழாது என்பதால் நிகழ்ச்சியின் இறுதியில் இதை வைக்கப் பல நடத்துனர்கள் தயங்குவார்கள். இடைவேளைக்கு முன் வைத்துவிடுவார்கள்.

எங்கள் வட்டத்தில் ஓர் இளங்கவிஞர் இருக்கிறார். அன்றைய கூட்டத்தில் கைத்தொலைபேசியை ஒரு சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்து இதைக் கேட்கச் செய்தேன். இறுதிச் சுரம் ஓய்ந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்து, "முடிஞ்சா நானா? இவ்வளவு சண்டையும் புடிச்சிட்டு இப்பிடியா முடிக்கிற?" என்றார். மிக நல்ல கேள்வி. அவர் அப்படிக் கேட்கக் காரணமும் இருந்தது.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றில் மரணித்த எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கவிதைகள் ஏராளம். அவரும் எழுதினார். நானும் அவற்றில் பலவற்றை வாசித்தேன். அவற்றின் துயரம் உண்மையானது. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலானவை ஒரே விதமாகவே முடிந்தன. கடைசி நான்கு வரிகள் சாபமாக, சூளுரையாக, ஆச்சரியக்குறிகளின் வரிசையாக. கவிதையின் நடுவில் ஒரு தாயின் கை, ஒரு வெள்ளைத் துணி, ஒரு வெறும் தொட்டில் என்று மெல்லக் கட்டிக்கொண்டு வந்ததையெல்லாம் அந்த முழக்கம் மூடிவிடுகிறது. வாசகன் கைதட்டிவிட்டு எழுந்து போகிறான். தொட்டில் அங்கேயே கிடக்கிறது.

இதைச் சொன்னபோது அந்த இளைஞர் ஒத்துக்கொள்ளவில்லை. "பிராம்ஸ்ட ஊட்டு மையித்த யாரும் பத்த வெக்கல்லயே நானா" என்றார். சபையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கத்த வேண்டிய நேரத்தில் கத்தத்தான் வேண்டும். அதற்கு ஊர்வலமும் மனுவும் உண்டு, நீதிமன்றமும் உண்டு. அடங்கி முடிப்பதே உயர்ந்தது என்று நாற்காலியில் அமர்ந்து உபதேசிப்பது ஆபத்தானது என்பதையும் நான் உணர்கிறேன். அமைதியாய் இருங்கள் என்று எமக்குச் சொல்லப்பட்டது போதாதா?

ஆனால் மூன்றாவதின் அமைதி அத்தகையதல்ல என்பதே என் வாதம். அது கோபத்தை மறைக்கவில்லை. இறுதிப் பகுதியில் முழுக்கோபத்தையும் கேட்கச் செய்துவிட்டுத்தான் அடங்குகிறது. அடங்கும்போதும் எதையும் மறக்கவில்லை. கடைசியாக ஒலிப்பது முதன்முதலில் மோதலைத் தொடக்கிய அதே மெட்டு. வழக்கு முடிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. நடந்தது நினைவிருக்கிறது என்கிறது. எமதூர் ராத்திப் மஜ்லிஸ்களில் திக்ரு உயர்ந்து உயர்ந்து, றபானின் வேகம் உச்சத்துக்குப் போய், பின்னர் மெல்ல இறங்கி துஆவில் வந்து அமர்வதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். துஆ ஓதும் குரல் தாழ்ந்திருப்பதால் கேட்பவரின் வேண்டுதல் குறைந்துவிடுவதில்லை.

முதலாவது எமக்கு இல்லாத வெற்றியைத் தருகிறது. நான்காவது தப்பமுடியாத தீர்ப்பைத் தருகிறது. மூன்றாவது, தீராத ஒன்றோடு எப்படி வாழ்வது என்பதைக் காட்டுகிறது. எமது எழுத்துக்கு இன்று இந்த மூன்றாவது வழியின் பரிச்சயமே மிகக் குறைவு என்று கருதுகிறேன். ஆகவே என் தெரிவு ரசனை மட்டும் சார்ந்ததல்ல.

1883 டிசம்பர் 2ஆம் திகதி வியன்னாவில் இது அரங்கேறியபோது மண்டபத்தில் ஒரு கூட்டம் சீறி எதிர்ப்புக் காட்டியது. அவர்கள் வாக்னரின் அணியினர். வாக்னர் அவ்வாண்டு பெப்ரவரியில்தான் மறைந்திருந்தார். எதிர்காலத்தின் இசை தம்முடையதே, பிராம்ஸ் பழமைவாதி என்பது அவர்கள் கட்சி. முற்போக்கு, நற்போக்கு என்று அறுபதுகளில் எமது ஈழத்து இலக்கியம் இரண்டுபட்டதை அறிந்த வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. அணிகள் இன்று சரித்திரக் குறிப்பாகிவிட்டன. வாக்னரையும் பிராம்ஸையும் ஒரே இரவில் ஒரே மண்டபத்தில் கேட்கிறார்கள். படைப்பை அதன் கட்சியை வைத்து அளந்தவர்கள் அன்று எதைக் கேட்கத் தவறினார்கள் என்பதற்கு மூன்றாவதின் கடைசி இரண்டு நிமிடங்களே சாட்சி.

அந்த இளங்கவிஞர் தமது கவிதையின் கடைசி வரிகளை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. ஆனால் மூன்றாவதை மீண்டும் கேட்டதாகப் பின்னர் சொன்னார். முதலாவதுதான் தமக்குப் பிடித்தது என்றும் சொன்னார். காரணத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன்.

வாசகர்களிடமும் அதையே கேட்கிறேன். முப்பத்தைந்து நிமிடம் ஒதுக்கி, அழைப்புகளை நிறுத்திவிட்டு, தொடக்கத்தின் மூன்று ஒலிகளை மனதில் இருத்திக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். அவை எங்கெங்கே திரும்பி வருகின்றன என்று கவனியுங்கள். பின்னர் மற்ற மூன்றையும் கேளுங்கள். நான்காவதே சிறந்தது என்று நிறுவ முன்வருவோருக்கு இச்சஞ்சிகையின் அடுத்த இதழில் இடம் கிடைக்கும் என நம்புகிறேன். அதை ஆவலோடு வாசிப்பவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.